சேத்துப்புண்ணுதானேன்னு விட்டுறாதீங்க: கால்விரல் இடுக்குல கிருமி வச்சா வீட்ல என்ன செய்யணும், எப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும்

சோழவந்தான் பக்கம் ஜூன் மாசம் பெரியார் கால்வாய்ல தண்ணி தெறந்து விட்டாச்சுன்னா நடவு ஆரம்பிச்சிரும், காலைல ஆறு மணிக்கு வயல்ல எறங்குன பொம்பளையாளுக மத்தியானம் வரைக்கும் சேத்தை விட்டு ஏற மாட்டாக, ரெண்டு வாரம் போனா பாதிப் பேரு காலை ஒருச்சாய்ச்சு வச்சுத்தான் நடப்பாக. என்னாச்சுன்னு கேட்டா "சேத்துப்புண்ணுய்யா, அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும்", அவ்வளவுதான். எங்கம்மாவும் இதையேதான் சொல்லுச்சு. மருதாணிய அரைச்சு அப்பிக்கிட்டு மறுநாளும் நடவுக்குப் போயிருச்சு, நானும் மதுரைல வேலைல இருந்துக்கிட்டு போன்ல "ஏதாவது ஆயின்ட்மென்ட் வாங்கிப் போடும்மா"ன்னு சொன்னதோட சரி. பன்னெண்டாவது நாள் ராத்திரி குளிர் நடுக்கம், தொடை இடுக்குல எலுமிச்சங்காய் தண்டிக்கு நெறி கட்டி, விடியுறப்ப கெண்டைக்கால் முழுக்க செவந்து வீங்கி, தொட்டா அனலாக் கொதிக்குது.

பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க டாக்டரம்மா வீங்குன கெண்டைக்காலை அப்புறம்தான் பாத்தாங்க, மொதல்ல கால்விரலை ஒண்ணொண்ணா விரிச்சு டார்ச் அடிச்சாங்க. சுண்டுவிரல் இடுக்குல வெள்ளையா ஊறிப்போயி நடுவுல பொளந்து கெடந்த தோலைக் காட்டி, "கிருமி உள்ள போன வாசல் இதுதான்"னு சொன்னாங்க. ஒம்பது நாள் பெட்டு, நரம்பு ஊசில மருந்து. சுகர் இருக்குங்கிறதே அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு, எங்களுக்கும் சரி அம்மாவுக்கும் சரி.

நான் டாக்டர் இல்ல. மூணு வருசமா அந்தக் காலைத் தெனமும் பாத்துக்கிட்டு வர்றேன், தோல் டாக்டர்கிட்ட ஒவ்வொரு தடவையும் போயி கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இது. மொத மொத இந்தப் பிரச்சினை வந்து என்ன செய்யன்னு தெரியாம இருக்கவங்களுக்காக வரிசையா எழுதுறேன்.

விரலை விரிச்சுப் பாக்குறது

காலைப் பாக்குறதுன்னா மேல் பாதத்தைப் பாக்குறது இல்ல. வெளிச்சத்துல ஒக்காந்து ஒவ்வொரு விரலையும் ரெண்டு கையாலயும் விரிச்சுப் பாக்கணும், ஒரு காலுக்கு நாலு இடுக்கு, ரெண்டு காலுக்கு எட்டு. குனிய முடியாதவங்க போன் கேமராவுல படம் எடுத்துப் பெரிசாக்கிப் பாக்கலாம், இல்ல வீட்ல பேரப்பிள்ளைகளப் பாக்கச் சொல்லலாம். சுண்டுவிரலுக்கும் அதுக்கு அடுத்த விரலுக்கும் நடுவுல உள்ள இடுக்குலதான் ரொம்பப் பேருக்கு ஆரம்பிக்கும், ஏன்னா அந்த ரெண்டு விரலும்தான் நெருக்கமா ஒட்டிக்கிட்டு இருக்கும், காத்தே போகாது, வேர்வையும் தண்ணியும் அங்க நின்னுரும்.

இப்ப அங்க என்ன தெரியுதுங்கிறதுதான் முக்கியம், ஏன்னா எல்லாத்துக்கும் சேத்துப்புண்ணுன்னு ஒரே பேரை வச்சிருக்கோம் ஆனா உள்ள இருக்குற ஆளு வேற வேற.

தோல் வெள்ளையா ஊறி, உரிஞ்சு, அரிப்பு தாங்காம இருக்குன்னா அது பெரும்பாலும் பூஞ்சைக் காளான், அதாவது படர்தாமரை எனம். அரிப்பு அதிகம் இல்ல, வலியும் இல்ல, ஆனா இடுக்கு மட்டும் பழுப்பா இல்ல செவப்பா மாறி பொடிப்பொடியா செதில் விடுதுன்னா எரித்ராஸ்மான்னு ஒண்ணு இருக்கு, அது காளான் இல்ல பாக்டீரியா, கோரினிபாக்டீரியம்னு பேரு. வருசக் கணக்கா காளான் கிரீம் போட்டும் போகலைன்னு சொல்றவங்கள்ல சில பேருக்கு இதுதான் இருக்கும். இடுக்குல பச்சை கலந்த மஞ்சளா ஒரு கறை, சாக்ஸ்லயும் துணிலயும் பச்சையா ஒட்டுது, ஒரு மாதிரி பழம் அழுகுன வாடை, கூடவே தோல் தின்ன மாதிரி எறங்கி நடக்க முடியாத வலி, இது சூடோமோனாஸ். தண்ணியில பொழப்பு நடத்துறவங்க, நாள் பூரா பூட்ஸ் மாட்டுறவங்க காலுக்கு வர்றது. சீழ், தேன் கலர்ல பொருக்கு, சுத்தி செவப்பு, சூடு, விண்ணு விண்ணுன்னு தெறிக்கிற வலி இருந்தா ஸ்டெஃபைலோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக. எங்கம்மாவுக்கு வந்தது கடைசி வகை.

இதுல ஒரு விசயத்தை எனக்கு டாக்டரம்மா பொறுமையா விளக்குனாங்க. மொதல்ல காளான் வந்து தோலை ஊறவச்சு வெடிக்க வைக்கும், அந்த வெடிப்பு வழியா பாக்டீரியா ஏறிக்கும், அதனால ரெண்டும் சேந்தே இருக்கும். மனசுல வச்சுக்கிற மாதிரி சொன்னா, அரிச்சா காளான், வலிச்சா பாக்டீரியான்னு ஒரு தோராயக் கணக்கு. நேத்து வரைக்கும் அரிச்சுக்கிட்டு இருந்த இடுக்கு இன்னைக்கு வலிக்க ஆரம்பிச்சிருச்சு, வாடையும் வருதுன்னா ஆள் மாறிட்டான்னு அர்த்தம், மருந்தும் மாறணும்.

மெட்டியக் கழட்டணும்

இதை யாரும் எழுதுறது இல்ல, ஆனா எங்க ஊர்ல பாதிப் பொம்பளைகளுக்குப் பிரச்சினை இங்கதான் மாட்டிக்கிது. ரெண்டாவது விரல்ல மெட்டி, அதுக்கு அடியில சேறு, சோப்பு, ஈரம் எல்லாம் அடைஞ்சு கெடக்கும், கல்யாணத்தன்னைக்குப் போட்டதை அன்னைல இருந்து கழட்டியிருக்கவே மாட்டாங்க. எங்கம்மாகிட்ட கழட்டும்மான்னு சொன்னதுக்கு "ஒங்கப்பா இருக்கும்போது நான் எதுக்குடா மெட்டியக் கழட்டணும்"னு கோவம் வந்துருச்சு. அதைத் தப்புன்னு நான் சொல்லல, அது அவங்க மனசு. ஆனா விரல் வீங்குன பிறகு மெட்டி எறங்காது, ரத்த ஓட்டத்தை நிறுத்தி விரலையே கெடுத்துரும், அப்புறம் கட்டர் வச்சு வெட்டித்தான் எடுக்கணும். அதனால வீக்கம் லேசா தெரியும்போதே சோப்புத் தண்ணி போட்டு வழுக்கி எடுத்து சாமி படத்துக்கு முன்னாடி வச்சிருங்க, ஆறுன பிறகு மாட்டிக்கலாம், இப்படித்தான் எங்கம்மா சம்மதிச்சுச்சு. புண்ணு இல்லாத நாள்லயும் குளிக்கும்போது மெட்டிய நகட்டி பழைய பிரஷ்ஷால அடியில தேய்ச்சு, ஈரத்தைத் தொடைச்சிரணும்.

கழுவுறது, காயவைக்கிறது

மருந்தைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி இதைச் சொல்லணும், ஏன்னா ஈரம் நிக்கிற இடத்துல எவ்வளவு காசு போட்ட கிரீமும் வேலை செய்யாது.

ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, வேலை முடிஞ்சு வந்த ஒடனே ஒண்ணு, படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு. வாய்க்கால் தண்ணில கழுவிட்டு வந்தேன்னு சொல்றது கணக்குல சேராது, வீட்டுக் குழாய்த் தண்ணி, சாதாரண குளியல் சோப்பு போதும். நுரையை விரலால இடுக்குக்குள்ள கொண்டு போயி மெதுவாத் தேய்ங்க, பீர்க்கங்கூடு, கல்லு, நைலான் நாரு எதுவும் வேணாம். ஊறி வெள்ளையா தொங்குற தோலை பிளேடால வெட்டுறது, நகத்தால கிள்ளி இழுக்குறது ரெண்டும் கூடாது, தானா கழண்டு வர்றது மட்டும் வரட்டும்.

அப்புறம் காயவைக்கிறது. டவலைக் காலுக்கு மேல அப்படியே போத்தி ரெண்டு தட்டு தட்டுறது இல்ல. பழைய காட்டன் வேட்டித் துணிய விரல் அகலத்துக்குக் கிழிச்சு வச்சுக்கங்க, அதை ஒவ்வொரு இடுக்குலயும் ஒத்தி ஒத்தி எடுக்கணும், இழுத்து அறுத்த மாதிரி தொடைச்சா புண்ணு பொளந்துரும். பிறகு ஃபேனுக்கு முன்னாடி விரலை விரிச்சு வச்சு பத்து நிமிசம். சுண்டுவிரல் ரொம்ப ஒட்டியிருந்தா சுத்தமான காஸ் துணிய (காயத்துக்குக் கட்டுப் போடுற வலைத்துணி) சின்னத் துண்டா மடிச்சு லூசா இடுக்குல வைக்கலாம், பஞ்சு வேணாம், அது நூலு நூலா புண்ணுல ஒட்டிக்கிரும். நனைஞ்சா மாத்திரணும், ராத்திரி வச்ச துணி மறுநாள் சாயங்காலம் வரைக்கும் கெடக்கக் கூடாது. அந்தத் துணியையும் அந்த டவலையும் வீட்ல வேற யாரும் எடுக்கக் கூடாது, கொதிக்கிற தண்ணில முக்கி வெயில்ல காயப்போடுங்க, மதுரை வெயிலு இதுக்காவது ஒதவட்டும்.

நீர் வடியுற புண்ணா இருந்தா

தண்ணி கசிஞ்சு நசநசன்னு இருக்குற புண்ணுல கிரீம் போட்டா இன்னும் ஊறும். மொதல்ல கசிவை வத்தவைக்கணும், அதுக்குத்தான் மருந்துத் தண்ணில காலை வைக்கிறது. ரெண்டு இருக்கு.

ஒண்ணு பொட்டாசியம் பெர்மாங்கனேட், மெடிக்கல் ஷாப்ல கிடைக்கும், ஊதாக் கறுப்புல பொடிக்கல்லு மாதிரி. இதுல எல்லாரும் செய்யுற தப்பு, நெறைய போட்டா சீக்கிரம் ஆறும்னு நெனச்சு நாவல் பழ கலர்ல கலக்குறது, அது தோலைச் சுட்டுரும். சரியான அளவு 10,000 பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு, அதாவது ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராம், மாத்திரையாக் கெடைச்சா 400 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணுக்கு 4 லிட்டர் தண்ணி. கல்லாக் கெடைச்சா ஒரு வாளித் தண்ணில ஒண்ணு ரெண்டு கல்லு போட்டு நல்லா கரைச்சு, கலர் வெளிறுன ரோஸ்ல நிக்கிற மாதிரி பாத்துக்கங்க, கரையாத கல்லு காலுல படக்கூடாது. பத்துல இருந்து பதினஞ்சு நிமிசம் போதும். நகமும் பிளாஸ்டிக் பேசினும் பழுப்பாகும், பயப்பட வேணாம், அது போயிரும். கசிவு நின்னு காஞ்ச ஒடனே நிறுத்திரணும், தொடர்ந்து செஞ்சா தோல் வறண்டு வெடிக்கும். அந்த டப்பாவை பிள்ளைக கைக்கு எட்டாத எடத்துல வைங்க, வாயில போட்டா வாயி தொண்டை எல்லாம் வெந்துரும்.

ரெண்டாவது வினிகர், பச்சைக் கறை, வாடை இருக்குற சூடோமோனாஸ் புண்ணுக்கு இதுதான் தோதானது, அந்தக் கிருமிக்குப் புளிப்பு ஆகாது. பலசரக்குக் கடைல விக்கிற வெள்ளை வினிகர் ஒரு டம்ளர், தண்ணி நாலு டம்ளர், பதினஞ்சு நிமிசம், ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு தடவை. எரிஞ்சா இன்னும் தண்ணி ஊத்திக்கங்க. ஆனா பச்சைக் கறையோட தோல் தின்னு எறங்கியிருந்தா வினிகர நம்பிக்கிட்டு வீட்ல இருக்காதீங்க, அதுக்குப் பெரும்பாலும் மாத்திரையும் வேணும், அதை டாக்டர்தான் எழுதணும்.

ரெண்டு மருந்துத் தண்ணியையும் ஒண்ணாக் கலக்காதீங்க. தண்ணி வெதுவெதுப்பைத் தாண்டக் கூடாது. சுகர் உள்ளவங்க, காலு மரத்துப் போனவங்க டாக்டர் சொல்லாம காலை ஊறவைக்கவே வேணாம், சூடு தெரியாம பொத்துப் போன காலை நானே ஆஸ்பத்திரி வராண்டாவுல பாத்திருக்கேன்.

கிரீம் வாங்குறதுக்கு முன்னாடி

இங்கதான் நான் கோவத்தோட எழுதுறேன், மன்னிச்சிருங்க. எங்கம்மாவுக்கு ஊர்ல ஒரு மெடிக்கல் ஷாப்ல குடுத்த டியூப்ல மூணு மருந்து கலந்திருந்துச்சு, காளானுக்கு ஒண்ணு, பாக்டீரியாவுக்கு ஒண்ணு, கூடவே குளோபெட்டசால்னு ஒரு வீரியமான ஸ்டீராய்டு. போட்ட ரெண்டே நாள்ல அரிப்பும் செவப்பும் போயிருச்சு, அம்மாவுக்கு ஒரே சந்தோசம், அக்கம்பக்கத்துக்கும் அதே டியூப வாங்கச் சொல்லிருக்கு. ஸ்டீராய்டு செய்யுற வேலை அதான், எரிச்சலை அடக்கிரும், கிருமியத் தடுக்குற ஒடம்போட சக்தியையும் அந்த எடத்துல அடக்கிரும், தோலையும் மெலிசாக்கும், உள்ள கிருமி நிம்மதியாப் பெருகும். 2018ல மத்திய அரசு இந்த மாதிரி ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு கொண்டு வந்துச்சு, இருந்தும் கேட்டா குடுக்குற கடைக இருக்கு. அதனால டியூப் மேல உள்ள பேரைப் படிங்க, படிக்கத் தெரியலைன்னா பள்ளிக்கூடம் போற பிள்ளைகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், இந்தப் பேரு எது இருந்தாலும் விரலிடுக்குப் புண்ணுக்கு நீங்களா போடாதீங்க.

அப்ப எதைப் போடலாம்? அரிப்பும் வெள்ளைத் தோலும் மட்டும் இருந்து வலி, சீழ், செவப்பு எதுவும் இல்லைன்னா தனி குளோட்ரிமசால் 1 சதவீதக் கிரீம் காலை ராத்திரி ரெண்டு வேளை, காஞ்ச தோல்ல மெலிசா. தோல் சரியாயிட்ட மாதிரி தெரிஞ்ச பிறகும் ரெண்டு வாரம் விடாமப் போடணும், மொத்தமா ஒரு நாலு வாரம் ஆகும். ரொம்பப் பேரு ஒரு வாரத்துல நிறுத்திட்டு மறுபடி வந்துருச்சேன்னு சொல்றது இதனாலதான். ரெண்டு வாரம் ஒழுங்காப் போட்டும் ஒண்ணும் குறையலைன்னா டியூப மாத்திப் பாக்காதீங்க, தோல் டாக்டரைப் பாருங்க.

பாக்டீரியாவுக்கு உள்ள மருந்துக எல்லாம் டாக்டர் எழுதித்தான் வாங்கணும், பேரைத் தெரிஞ்சுக்கிறதுக்காகச் சொல்றேன். எரித்ராஸ்மாவுக்கு கிளின்டமைசின் லோஷன், இல்ல ஃபியூசிடிக் ஆசிட் கிரீம் எழுதுவாங்க, பரவியிருந்தா எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் மாதிரி மாத்திரை. லேசான சீழ்ப்பொருக்குக்கு மியூபிரோசின் ஆயின்ட்மென்ட், ஆனா அது பச்சைக் கறை சூடோமோனாஸ்கிட்ட எடுபடாது, அதனாலதான் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறுன மருந்து நமக்கு ஆறாது. மாத்திரை அட்டைல செவப்புக் கோடு போட்டிருந்தா அது சீட்டு இல்லாம வாங்கக் கூடாத மருந்துன்னு அடையாளம். அஞ்சு நாளைக்கு எழுதுனா அஞ்சு நாளும் முழுங்கணும், மூணாம் நாள் வலி போச்சேன்னு மிச்சத்தை டப்பாவுல போட்டு அடுத்த வருச நடவுக்கு வைக்காதீங்க. ஆன்டிபயாடிக் பவுடரு நசநசன்னு இருக்குற புண்ணுல தூவுனா கட்டி கட்டியா நின்னு ஈரத்தைப் புடிச்சு வச்சுக்கும், நியோமைசின் கலந்த பவுடர் சில பேருக்கு ஒத்துக்காம அலர்ஜியே ஆகும்.

மருதாணி பத்திக் கேப்பீங்க. எங்க அப்பத்தா காலத்துல இருந்து நடவுக்கு எறங்குறதுக்கு முந்தின ராத்திரி மருதாணி எலையை அரைச்சு விரலிடுக்குல வச்சுக்கிட்டுத்தான் படுப்பாக, தோல் இறுகும்னு சொல்லுவாக. புண்ணு இல்லாத காலுக்கு எலையா அரைச்சு வைக்கிறதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. பொளந்த புண்ணுக்குள்ள அப்புறது வேண்டாம், பொளவுக்குள்ள சக்கை அடையும், செவந்திருக்கா இல்லையான்னே பாக்க முடியாம கலர் மறைச்சிரும், எங்கம்மாவுக்கு அதுதான் நடந்துச்சு. கடையில விக்கிற கறுப்பு மருதாணிக் கோனு எப்பவுமே வேணாம், அதுல சாயம் கலக்குறாங்க, தோலு பொத்துரும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, பல்லு பேஸ்ட்டு, தண்ணி கலக்காத டெட்டால், இதெல்லாம் புண்ணை எரிக்கும், ஆத்தாது.

இது வந்தா அன்னைக்கே போகணும்

செவப்பு இடுக்கை விட்டு வெளிய வந்து மேல் பாதத்துல ஏறுதா, அன்னைக்கே போங்க. ஏறுதா இல்லையான்னு சந்தேகமா இருந்தா செவப்போட ஓரத்தைச் சுத்தி பேனாவால ஒரு கோடு போட்டு பக்கத்துல மணிய எழுதிருங்க, கோட்டைத் தாண்டிருச்சுன்னா ராத்திரியா இருந்தாலும் கெளம்பணும். காலுல இருந்து மேல ஓடுற செவப்புக் கோடு, தொடை இடுக்குல நெறி, காய்ச்சல், குளிரு, சீழ் பொங்குறது, நீர்க்கொப்புளம், தோல் கறுத்துப் போறது, பாக்குறதுக்குச் சின்னதா இருந்தும் தாங்க முடியாத வலி, இதுல ஒண்ணு இருந்தாலும் கிரீம் வேலை இல்ல. தோல் கறுத்து, வலி தாங்கலை, ஆளு கெறங்குறாருன்னா 108ஐக் கூப்புடுங்க.

சுகர் இருக்கவங்களுக்கு இந்தப் பட்டியலே கெடையாது, இடுக்குல பொளவைப் பாத்தாலே போயிரணும். வலிக்கலையேன்னு சொல்லாதீங்க, சுகர்ல நரம்பு மரத்துப் போனா வலிக்காது, வலிக்காததுதான் அங்க ஆபத்து. அதே மாதிரி யானைக்கால் வீக்கம் உள்ளவங்களுக்கு அடிக்கடி காய்ச்சலும் வீக்கமும் வர்றதுக்குக் காரணமே இந்த விரலிடுக்குப் புண்ணு வழியாப் போற பாக்டீரியாதான், அவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல காலைக் கழுவித் தொடைக்கிற முறையைச் சொல்லிக்குடுத்து பேசின், டவல், சோப்பு எல்லாம் வச்ச செட்டு குடுக்குறாங்க, கேட்டு வாங்குங்க.

வயல்ல எறங்குறவங்களுக்கு இன்னொண்ணு. காலுல பொளவோட சேத்துல நின்ன சில நாள்ல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள கடுமையான காய்ச்சல், கெண்டைக்கால் சதை தொட முடியாத வலி, கண்ணு செவப்பு வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், எலி மூத்திரம் கலந்த தண்ணில உள்ள கிருமி அந்தப் பொளவு வழியா ஏறும். டாக்டர்கிட்ட "வயல்ல நின்னேன்"ங்கிறதை மறக்காமச் சொல்லணும், சொன்னாத்தான் அவங்களுக்கு அந்த யோசனை வரும். காலுல முள்ளு, கண்ணாடி குத்தி மண்ணுபட்ட காயமா இருந்து கடைசியா டெட்டனஸ் (ரணஜன்னி) தடுப்பூசி போட்டு 5 வருசம் தாண்டிருச்சுன்னா அந்த டிடி ஊசியும் கேளுங்க.

டாக்டரைப் பாக்கப் போறப்ப

அவசரம் இல்லாத புண்ணுக்கு தோல் பிரிவுக்குப் போறீங்கன்னா ஒரு சின்ன விசயம், அன்னைக்குக் காலைல இடுக்கைச் சோப்புப் போட்டு நல்லாத் தேய்ச்சுக் கழுவிட்டுப் போகாதீங்க. வுட்ஸ் லேம்ப்புன்னு ஒரு ஊதா வெளிச்ச விளக்கு இருக்கு, இருட்டு ரூம்ல அதை அடிச்சுப் பாத்தா எரித்ராஸ்மா இருக்குற எடம் பவளச் செவப்பா மின்னும், சூடோமோனாஸ் பச்சையாத் தெரியும். அந்தச் செவப்பு, கிருமி விடுற ஒரு சாயம், தண்ணில கரையும், கழுவிட்டுப் போனா விளக்குல ஒண்ணும் தெரியாமப் போயிரலாம். காளானுக்குத் தோலைச் சொரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க, மொத நாள் வரைக்கும் கிரீம் போட்டிருந்தா அதுவும் தப்பா காட்டும், அதனால என்ன போட்டீங்க எப்ப நிறுத்துனீங்கன்னு மறைக்காமச் சொல்லுங்க, டியூபையே கையோட எடுத்துட்டுப் போங்க, காலியா இருந்தாலும் சரி. தேவைப்பட்டா சீழை பஞ்சுல ஒத்தி கல்ச்சருக்கு அனுப்புவாங்க, எந்தக் கிருமி, எந்த மருந்துக்குச் சாகும்னு தெரிய ரெண்டு மூணு நாள் ஆகும். முப்பது வயசு தாண்டுனவங்க அங்கயே சுகரையும் பாத்துருங்க. சுகர் மாத்திரை மாசா மாசம் வாங்கப் போறதுக்கு வழி இல்லாத வயசானவங்களுக்கு 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே கொண்டு வந்து குடுக்குறாங்க, எங்கம்மா அதுலதான் வாங்குது.

பெட்ல சேத்துட்டாங்கன்னா காலைத் தலகாணி போட்டு ஒசத்தியே வைங்க, மருந்து பாதி, ஒசத்தி வைக்கிறது பாதின்னு நர்சம்மா தெனமும் வந்து சத்தம் போட்டாங்க. வீக்கம் வத்த வத்த தோல் உரியும், அது ஆறுற அடையாளம்.

திரும்பி வேலைக்குப் போறப்ப

ஈரத்துல நிக்காதீங்கன்னு சொல்றது சுலபம். நடவாளு, மாட்டுத்தாவணி மார்க்கெட்டுல விடிகாலை மூட்டை எறக்குற ஆளு, ஓட்டல்ல பாத்திரம் தேய்க்கிறவங்க, சலவைத் தொறைல நிக்கிறவங்க, யாருக்கும் ஈரம் இல்லாம கூலி இல்ல. அதனால முடிஞ்சதைச் சொல்றேன். புண்ணு பொளந்திருக்குற வரைக்கும் மட்டும் தண்ணில எறங்காதீங்க, அந்த ஒரு வாரம் நாத்துக்கட்டு எடுத்துப் போடுற வேலை, களத்து வேலைன்னு மாத்திக் கேளுங்க, எங்கம்மா கூட வேலை பாக்குறவக அப்படித்தான் மாறி மாறி விட்டுக் குடுத்தாக. ஆறுன பிறகு எறங்கும்போது காஞ்ச காலுல விரலிடுக்குல வாசலினோ தேங்காயெண்ணெயோ மெலிசாத் தடவிக்கிட்டா தண்ணி சீக்கிரம் ஊறாது, வேலை முடிஞ்சா சோப்புப் போட்டு அந்த எண்ணெயை எடுத்துரணும், ராத்திரி எண்ணெயோட படுத்தா இடுக்கு மறுபடி ஊறும். கம்பூட்டு, அதாவது ஒசரமான ரப்பர் பூட்ஸ், நடவு வயல்ல சேத்துல மாட்டிக்கிரும், ஆனா மார்க்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் நல்லது, உள்ள தண்ணி போகாத வரைக்கும்.

கப்பலூர் கம்பெனிகள்ல சேஃப்டி ஷூ மாட்டுறவங்களுக்குத் தண்ணி இல்ல வேர்வைதான் எதிரி. ரெண்டு ஜோடி ஷூ வச்சு நாள் விட்டு நாள் மாத்துங்க, கழட்டுன ஜோடி நாக்கைத் தூக்கி வெயில்ல கெடக்கட்டும். காட்டன் சாக்ஸ், மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒக்காரும்போது ஒரு ஜோடி மாத்திக்கிட்டா பாதித் தொல்லை போயிரும், நைலான் சாக்ஸைத் தூக்கிப் போட்டுருங்க.

சித்திரைத் திருவிழாவுல அழகர் பின்னாடி தண்ணி பீச்சுற கூட்டத்துல வெறுங்காலோட நடக்குறவங்க, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவங்க, பையில ஒரு காட்டன் துணியும் காஸ் துணியும் வச்சுக்கங்க, ஒவ்வொரு மண்டபத்துல ஒக்காரும்போதும் இடுக்கைத் தொடைச்சிருங்க. சுகர் உள்ளவங்க வெறுங்காலோட அந்தத் தார் ரோட்டுல நடக்கவே கூடாது, சாமி கோவிச்சுக்காது.

இப்ப எங்க வீட்டு வாசப்படில ஒரு முக்காலி, ஒரு பேசின், சோப்பு, ஆணியில நாலு வேட்டித் துண்டு தொங்குது. வயலை விட்டு வந்தா அதுல ஒக்காந்து எட்டு இடுக்கும் தொடைச்ச பிறகுதான் அம்மா உள்ள வரும், ஞாயித்துக்கிழமை நான் ஊருக்குப் போனா மொதல்ல டார்ச்சை எடுத்துட்டு காலை நீட்டுன்னுதான் சொல்லுவேன். போன வாரம் சுண்டுவிரல் இடுக்குல லேசா வெள்ளை தெரிஞ்சுச்சு, வலி இல்ல, செவப்பு இல்ல, ஆனா சுகர் காலுங்கிறதால மறுநாளே போயி காட்டிட்டு வந்துட்டோம், வெறும் காளான்தான்னு குளோட்ரிமசால் எழுதிக் குடுத்தாங்க, இன்னையோட அஞ்சாவது நாள், இன்னும் மூணு வாரம் போடணும்.